நாலு மாடிக்கு மேலே மடை அடைத்த கதை

பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தாலும் பட்டத்து அரசரைப் போல் வீற்றிருந்து இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர், அண்ணன் மணிவண்ணன் அவர்களே! இடுப்பில் சாவிக்கொத்தையும் இதழில் இறுக்கத்தையும் ஏந்தி அமர்ந்திருக்கும் செயலாளர், தம்பி அன்புராஜ் அவர்களே! கரியமாணிக்கத்துக் கழனிகளில் கரும்பும் நெல்லும் கண்டு, இன்று எங்கள் மூன்றாவது மாடியில் பேரப்பிள்ளைகளைக் கண்டுகொண்டிருக்கும் பெரியவர் சாமிநாதன் ஐயா அவர்களே! அதிகாலையில் எழுந்து, அடுப்பில் பொங்கி, அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டு, கடைசியில் ஆறிய சோற்றைத் தின்றுவிட்டு, அலுப்பையும் ஆயாசத்தையும் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! பாதிக் காதை எனக்கும் பாதிக் காதை வறுகடலைப் பொட்டலத்துக்கும் கொடுத்திருக்கும் பின்வரிசைத் தம்பிகளே! காணும் பொங்கலுக்காகப் பாகூரிலிருந்தும் திருபுவனையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் சொந்தங்களே! அனைவருக்கும் என் பணிவான, பசுமையான, பூப்போன்ற வணக்கம்!

கை தட்டுங்கள். இன்னா, வணக்கத்துக்குக் கூடவா கை தட்ட யோசனை?

ஏ பிளாக், நாலாவது மாடி, படியேறியதும் இடது கைப்பக்கம். பெயர் ரோஸ்லின். திருபுவனை பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் செக்‌ஷன். என்னைத் தெரியாதவர்கள் இந்தக் குடியிருப்பில் யாரும் இல்லை. என் குரல் கேட்காதவர்கள் இந்த வில்லியனூரிலேயே யாரும் இல்லை. தம்பி அன்புராஜ் எனக்கு ஐந்தே நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். தம்பி, எனக்கு வணக்கம் சொல்லவே அஞ்சு நிமிஷம் ஆவும். அந்த வாட்சைத் திருப்பி வெச்சிட்டு உக்காருங்க.

பெரியோர்களே! இது வெறும் விழா அல்ல. இந்தக் கூட்டம் முடிந்ததும் நம்மையெல்லாம் கை தூக்கச் சொல்லப் போகிறார்கள். எதற்கு? ஏ பிளாக் மொட்டைமாடிக்கு நிரந்தரமாகப் பூட்டுப் போடுவதா, வேண்டாமா என்பதற்கு! பூட்டு விழுந்தால் என்ன ஆகும்? நாளைக்கே தொட்டிகள் இறங்கும். பைகள் கொட்டப்படும். காய்த்த கத்திரி, பூத்த கனகாம்பரம், கொடி ஓடிய அவரை, குலை தள்ளிய தக்காளி அத்தனையும் குப்பை வண்டியில் ஏறும். அதில் முக்கால்வாசி யாருடையது? தரைத்தளத்தில் மகன் வீட்டில் இருக்கும் அமிர்தம்மாவுடையது. அதோ, நாலாவது வரிசையில், நீலப் புடவை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான். தலையைக் குனியாதீங்கம்மா. நீங்க குனிஞ்சதெல்லாம் போதும்.

ஆம், தோழர்களே, குனிந்தது போதும்! பாகூர் பக்கத்திலும் கரியமாணிக்கத்திலும் எத்தனை கழனிகளில் அந்த இடுப்பு குனிந்திருக்கிறது! நட்டது யார்? அமிர்தம். களை எடுத்தது யார்? அமிர்தம். அறுத்தது யார்? அமிர்தம். ஆனால் களத்தில் குவிந்த நெல் யாருடையது? ஒரு குத்து மண், ஒரே ஒரு குத்து மண், இது என்னுடையது என்று சொல்ல அந்தக் கைக்கு வாய்த்ததா? வாய்த்தது! எங்கே வாய்த்தது? ஆற்றங்கரையிலா? இல்லை. ஏரிக்கரையிலா? இல்லை. நாலு மாடி ஏறி, முட்டி வலிக்க ஏறி, மூச்சு வாங்க ஏறி, சிமெண்டுத் தரையில், ஒரு பழைய பெயிண்ட் பக்கெட்டில் வாய்த்தது!

இப்போது தட்டுகிறீர்களே, இது கைதட்டல்!

அந்த மண் வந்த கதையைக் கேட்க வேண்டாமா? நம் குடியிருப்பைத் தோண்டினால் என்ன வரும்? ஜல்லி வரும், உடைந்த டைல்ஸ் வரும், குட்கா கவர் வரும். மண் வராது. அமிர்தம்மா பாகூரில் அண்ணன் வீட்டுக்குப் போய், ஒரு அரிசிச் சாக்கு நிறைய மண்ணை அள்ளி, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நானும் அதே பஸ்ஸில்தான் இருந்தேன். கண்டக்டர் வந்தார்.

“இன்னாம்மா மூட்டையில?”

“மண்ணு தம்பி.”

“மண்ணா? இன்னாத்துக்கு?”

“செடி வெக்க.”

“எங்க வெக்கப் போற?”

“மாடியில.”

அந்தக் கண்டக்டர் அமிர்தம்மாவைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அக்கா, இவங்க உங்க கூட வந்தவங்களா? பார்த்துக் கூட்டினு போங்க” என்றார். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அன்றைக்கு அந்த பஸ்ஸே சிரித்தது. ஆனால் அந்த ஒரு மூட்டை மண்ணில் முளைத்ததை இந்தக் குடியிருப்பே தின்றது!

முதலில் ஒரு பக்கெட். பிறகு எண்ணெய் டின். பிறகு ஓட்டைக் குடம். பிறகு கடையில் விற்கும் கறுப்புச் செடிப் பை. அமிர்தம்மா கத்திரி வைத்ததைப் பார்த்து அவர்கள் எதிர் வீட்டு ஜோஸ்பின் தக்காளி வைத்தாள். ஜோஸ்பின் வைத்ததைப் பார்த்து லில்லி வெண்டை வைத்தாள். மாடியில் இடம் கிடைக்காதவர்கள் சன்னல் கம்பியில் புதினா கட்டினார்கள். இருமல் வந்தால் கற்பூரவல்லி, வயிற்றைப் புரட்டினால் ஓமவல்லி என்று... யாரது? இரண்டும் ஒன்றுதானா? சரி, ஒன்றுதான்! இருமலுக்கும் அதுதான், வயிற்றுக்கும் அதுதான், எதிர்க் கேள்வி கேட்கிற வாய்க்கும் அதையே அரைத்துத் தருகிறேன்!

அவரைக் கொடி இருக்கிறதே அவரைக் கொடி, அது ஓர் இரவில் கேபிள் ஒயரைப் பிடித்துக்கொண்டு பி பிளாக்குக்குப் போய்விட்டது. பி பிளாக் மக்கள் என்ன செய்தார்கள்? பறித்தார்கள், பொரியல் செய்தார்கள், எங்களிடமே கொண்டுவந்து கொடுத்து, “எங்க மாடியில காய்ச்சது, சாப்புட்டுப் பாருங்க” என்றார்கள். பி பிளாக்கே, உன் பெருந்தன்மை வாழ்க!

அந்த நேரத்தில்தான் சாமிநாதன் ஐயா மாடியேறி வந்தார். எங்கள் ஐயா சாதாரண ஆளா? கரியமாணிக்கத்தில் ஐயாவின் கழனியில் அமிர்தம்மா நாற்று நட்டிருக்கிறார்கள். அன்று ஐயா வரப்பின் மேலே, அம்மா சேற்றின் உள்ளே. எங்கள் மொட்டைமாடியிலே வரப்பு ஏது? இருவரும் ஒரே சிமெண்டுத் தரையில் நின்றார்கள். ஐயாவுக்கும் ஒரு பக்கம், அம்மாவுக்கும் ஒரு பக்கம். முதல் ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஐயா அந்தப் பக்கம் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவார், அம்மா இந்தப் பக்கம் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு ஒரு நாள் பேசினார்கள். பேசியதோடு நின்றார்களா? இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அங்கேதான், என் அன்பு மக்களே, பிடித்தது சனி!

ஐயா ஒரு தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். “இன்னா அமிர்தம், அடியில ஓட்டை இருக்குது?”

“எல்லாத்துலயும் இருக்குதுங்க ஐயா. நானும் பார்த்துனுதான் இருக்கேன். ஊத்துற தண்ணியெல்லாம் ஓடிப் பூடுது.”

“மடையைத் தொறந்து வுட்டுட்டு எவனாவது பயிர் வெப்பானா? அடைச்சிரு.”

அடைத்தார்கள்! களிமண்ணைப் பிசைந்து, துணியைத் திணித்து, ஒரு தொட்டி விடாமல், ஒரு பை விடாமல் ஓட்டைகளையெல்லாம் அடைத்தார்கள்! ஏன்? நெல் வைத்த கை, ஐயா! தண்ணீர் நின்றால்தான் பயிர் நிற்கும் என்று காலமெல்லாம் கண்ட கை! மடையைக் கட்டத் தெரிந்த மனிதனுக்குத் தண்ணீரைப் போக விடு என்றால் மனம் வருமா? வராது! ஆனால் மிளகாய்ச் செடி நெல் ஆகுமா? மஞ்சளாகிப் போனது மிளகாய். தலை தொங்கியது தக்காளி. வேர் அழுகி நாறியது. “தண்ணி பத்தலை போலக்குது” என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றினார்கள். லில்லி ஓடி வந்து என்னிடம், “அக்கா, மாடியில செடி வெச்சிருக்காங்களா, ஊறுகா போட்டிருக்காங்களா?” என்று கேட்டாள்.

அதோடு விட்டார்களா? ஐப்பசி மழை வந்தது. மாடியில் விழுந்த மழைத் தண்ணீர் மூலையில் இருக்கும் வடிகால் வாய் வழியாகக் குழாயில் இறங்கி ஓடுவதை ஐயா பார்த்தார். அம்மாவும் பார்த்தார்கள். இருவருக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை. இத்தனை தண்ணீர் வீணாகப் போகிறதே! ஒரு சாக்கை மடித்தார்கள், உள்ளே களிமண் வைத்தார்கள், வடிகால் வாயிலேயே மடை அடைத்துவிட்டார்கள்! மொட்டைமாடி ஏரி ஆனது. தட்டான் சுற்றியது. தவளை கத்தியது! நாலு மாடிக்கு மேலே, தாய்மார்களே, நாலு மாடிக்கு மேலே தவளை கத்தியது! எந்தப் படி வழியாக ஏறி வந்ததோ, யார் வீட்டில் தங்கிப் போனதோ, யாருக்குத் தெரியும்?

சிரித்துவிட்டீர்களா? இப்போது கொஞ்சம் நிறுத்துங்கள்.

அந்த ஏரிக்கு நேர் கீழே இருப்பது யார் வீடு? என் எதிர் வீடு. செல்வகுமாரி அக்கா வீடு. அன்றைக்கு அந்த வீட்டில் அக்கா மகள் சரண்யாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். விழுப்புரத்து மாப்பிள்ளை வீடு. பாய் விரித்து, பஜ்ஜி வைத்து, பெண் காபியோடு வந்து நிற்கிற நேரத்தில் கூரையிலிருந்து சொட்டியது தண்ணீர். எங்கே சொட்டியது? மாப்பிள்ளையின் அத்தை பட்டுப்புடவை மேலே! ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, பிறகு பூச்சே பெயர்ந்து பஜ்ஜித் தட்டில் விழுந்தது. “வூடே ஒழுகுதேம்மா” என்று அந்த அம்மாள் சொன்னார்கள். “சொல்லி அனுப்புறோம்” என்று எழுந்தார்கள். இன்று வரை சொல்லி அனுப்பவில்லை.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? கடன்பட்டு வாங்கிய வீடு, கண்ணாக வளர்த்த மகள், கனவாகக் கண்ட நாள். அத்தனையும் கண்ணெதிரே நனைந்தால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது? செல்வகுமாரி அக்கா சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். மாடிக்குப் பூட்டுப் போடச் சொன்னார்கள். சொன்னது நியாயம்! நூற்றுக்கு நூறு நியாயம்! அக்காவைக் குறை சொல்லிப் படிக்கட்டில் நின்று பேசுகிறவர்களைக் கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் பஜ்ஜித் தட்டில் விழுந்திருந்தால் பேசுவீர்களா? வாயை மூடிக்கொண்டு இருங்கள்!

பிளம்பர் அரிகரன் வந்து வடிகாலில் கையை விட்டார். சாக்கு வந்தது. களிமண் வந்தது. கூடவே அந்தத் தவளையும் வந்தது! அடைத்தவர் யார் என்று கூட்டம் கூடியது. கரியமாணிக்கத்தில் யாருக்கும் தலை வணங்காத சாமிநாதன் ஐயா, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, செல்வகுமாரி அக்கா வாசலில் போய் நின்றார். “தப்பு என்னுதும்மா” என்றார். பின்னாலேயே மூச்சு வாங்கப் படியேறி வந்த அமிர்தம்மா, “ஐயா மேல மட்டும் போடாதீங்க. சாக்கு நான் குடுத்தது” என்றார்கள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அன்றே மாடிக்குப் பூட்டு விழுந்தது. தண்ணீர் ஊற்றக் காலையில் அரை மணி நேரம் மட்டும் அன்புராஜ் திறந்து விடுவார். வாசலிலேயே நிற்பார், சிறைக்காவலர் மாதிரி. கோபிக்காதீங்க தம்பி, நீங்க உங்க வேலையைச் செஞ்சீங்க.

ஆனால் அந்த அரை அரை மணி நேரத்தில் என்ன நடந்தது? ஐயாவும் அரிகரனும் விரிசலையெல்லாம் அடைத்துப் பூச்சுப் பூசினார்கள். தொட்டிகள் தரையில் உட்காராமல் இருக்கச் செங்கல் அடுக்கினார்கள். அடைத்த ஓட்டைகளையெல்லாம் அமிர்தம்மா ஒரு கம்பியால் குத்திக் குத்தித் திறந்தார்கள். “போ, தண்ணி, போ” என்று சொல்லிக்கொண்டே திறந்தார்கள். செடிகளுக்கு மூச்சு வந்தது, வேர் பிடித்தது, பூ வந்தது, காய் வந்தது! கார்த்திகையில் மறுபடியும் பேய்மழை கொட்டியதே, செல்வகுமாரி அக்கா, அங்கே உட்கார்ந்திருக்கிறீர்களே, நீங்களே சொல்லுங்கள். ஒரு சொட்டு? ஒரே ஒரு சொட்டு?

தலையை ஆட்டுகிறார்கள்! இல்லை என்று ஆட்டுகிறார்கள்! பார்த்துக்கொள்ளுங்கள் மணிவண்ணன் அண்ணே!

துண்டுச் சீட்டு வருகிறது. “நேரம் முடிந்தது.” யார் எழுதியது? அன்புராஜ்தான். தம்பி, கொசு வரும் என்கிறீர்கள், துணி காயப்போட இடமில்லை என்கிறீர்கள். தண்ணீர் தேங்காத இடத்தில் கொசுவுக்கு என்ன வேலை? துணிக்குக் கொடி ஒரு பக்கம், அவரைக்குக் கொடி ஒரு பக்கம் என்று கட்டினால் மாடி என்ன அழுதுவிடுமா? இருங்கள், நான் இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை.

என்னோடு வாழ்கிற நீங்கள் யாரும் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸுக்காக விடிவதற்குள் கிளம்புகிறவள் நான். மறுபடியும் காய்க்கத் தொடங்கிய பிறகு, முதல் கத்திரிக்காய் அமிர்தம்மா வீட்டு அடுப்புக்குப் போகவில்லை. செல்வகுமாரி அக்கா கதவின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் துணிப்பையில் தொங்கியது. அக்கா திட்டித் தூக்கி எறிவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால், பை துவைத்து, மடித்து, அமிர்தம்மா வீட்டுக் கைப்பிடியில் தொங்குகிறது. அடுத்து ஒரு கட்டு முளைக்கீரை போனது. பை துவைத்து வந்தது. முள்ளங்கி போனது. பை துவைத்து வந்தது. பேச்சில்லை, பார்வையில்லை, ஒரு வணக்கம் கூட இல்லை. பை மட்டும் நாலு மாடி ஏறியது, நாலு மாடி இறங்கியது.

ஒரு நாள், அன்பு மக்களே, அந்தப் பை காலியாக வரவில்லை. மார்கழிக் குளிரில் நான் படியிறங்குகிறேன், அமிர்தம்மா வாசலில் பை கனமாகத் தொங்குகிறது. எட்டிப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன், நான் பார்ப்பேன், யார் வீட்டுப் பை ஆனாலும் பார்ப்பேன்! உள்ளே என்ன இருந்தது தெரியுமா? வெங்காயத் தோல். முட்டை ஓடு. கழுவிக் காய வைத்த டீத்தூள். வாழைப்பழத் தோலைக் கூடப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்திருந்தது! அது யாருக்கு? அமிர்தம்மாவுக்கா? இல்லை! மாடியில் இருக்கும் செடிகளுக்கு! செடிக்கு உரம்! பூட்டுப் போடச் சொன்ன அதே கை, பூட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த செடிக்குச் சோறு போட்டு அனுப்பியது!

கோபம் கொண்டது உண்மை. கூரை ஒழுகியது உண்மை. ஆனாலும் ஒரு செடி பசித்திருக்கும் என்று நினைத்ததே அந்த மனம், அதை எந்தப் பூட்டால் பூட்டுவீர்கள்? எந்தச் சாவியால் திறப்பீர்கள்?

ஆகவே தலைவர் அவர்களே, நான் ஓட்டுக் கேட்கவில்லை. கை தூக்கச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சாவியை அன்புராஜ் இடுப்பிலிருந்து எடுத்து, யார் கூரை ஒழுகியதோ, யார் மகளுக்குத் தலைகுனிவு வந்ததோ, அவர் கையில் கொடுங்கள். செல்வகுமாரி அக்கா பூட்டினால் பூட்டட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். அவர்கள் திறந்தால்...

இருங்க. அக்கா எழுந்துட்டாங்க. வழி விடுங்க, வழி விடுங்க. மேடைக்கு வராங்க. கொடுங்க தம்பி, கொடுத்துடுங்க. அண்ணன் மணிவண்ணனே எடுத்துக் கொடுக்கிறார், பாருங்க! அக்கா, மைக்குல ஒரு வார்த்தை... வேண்டாமா? இன்னா சொல்றீங்க? கேக்கலை, சத்தமா சொல்லுங்க.

கேட்டதா? மக்களே, அக்கா என்ன சொன்னார்கள் என்று கேட்டதா? “நீ பேசினே இருந்தா பொழுது பூடும், ரோஸ்லினு. காலையில ஊத்தின தண்ணி பத்தாது, செடி வாடுது. எனக்கும் ரெண்டு பை வெச்சுக் குடுக்கச் சொல்லு” என்கிறார்கள்!

அக்கா! அக்கா, நில்லுங்க, படியேறப் போறாங்க! சரண்யா, அம்மா கூடப் போ! சாமிநாதன் ஐயா, நீங்களுமா, மெதுவா! டேய் தம்பிங்களா, கடலையை வெச்சிட்டுக் குடத்தைத் தூக்குங்கடா! லில்லி ஓடுறா, ஜோஸ்பின் ஓடுறா, பி பிளாக்கு மொத்தமா எழுந்துடுச்சி! அன்புராஜ், நீங்களும் கிளம்பிட்டீங்களா? எனக்கு நேரம் முடிஞ்சதுன்னு சொன்ன ஆளு, நன்றியுரை வரைக்கும் இருக்கக் கூடாதா?

சரி. கேட்க ஆளில்லாவிட்டாலும் முறை முறைதான். தலைமை ஏற்ற அண்ணனுக்கும், மேடை போட்ட கைகளுக்கும், மைக்கை இன்னும் அணைக்காத தம்பிக்கும், பொறுத்திருந்து கேட்டு, பொறுக்காமல் ஓடிய என் மக்களுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி!

யாரது, இன்னும் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறது? அமிர்தம்மா! நீங்க இன்னும் இங்கேயா உக்காந்துனு இருக்கீங்க? அழுவாதீங்கம்மா. கண்ணைத் துடைங்க. ஊரே மேலே போயாச்சு. எந்தத் தொட்டிக்கு எவ்வளவு ஊத்தணும்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது, ஊத்தி அழுக வெச்சிடப் போறாங்க. எழுந்திரிங்க, என் தோளைப் புடிங்க. உங்க மண்ணு, நீங்க போய்ச் சொன்னாதான் கேப்பாங்க.

இதோ இறங்கிட்டேன். வணக்கம்!